சும்மா கிடக்கும் செயற்கைக் காலை இலங்கைக்கு அனுப்பலாமா?

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கிறேன். தாத்தா பயன்படுத்திய செயற்கைக் கால் வீட்டில் இருக்கிறது. இலங்கையில் கண்ணிவெடியில் காலிழந்த யாருக்காவது அனுப்பலாமா? வேறு எப்படி உதவலாம்?

நானும் இதே யோசனையில் இருந்தவன்தான். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) முற்றி அப்பாவுக்குக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் போன பிறகு அந்தக் கால் செந்தூல் வீட்டு அலமாரியில் இரண்டு வருஷம் நின்றது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

பக்கத்து அடுக்குமாடியில் ஐ.நா. அகதி அட்டையோடு ஒரு தம்பி இருந்தார். முல்லைத்தீவுக்காரர். பதினாறு வயதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. (நாம் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்கிறோம், மிதித்தால் வெடிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.) காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது உங்கட அப்பாவின்ர கால். வேற ஆருக்கும் ஏறாது" என்றார்.

மேலே கிண்ணம் மாதிரி இருக்கிறதே, அந்த சாக்கெட் ஒருவருடைய மீதிக் காலுக்கு அச்செடுத்துச் செய்தது. அவருக்கே அது நிரந்தரமில்லை. வெட்டிய பிறகு மீதிக் கால் மாதக்கணக்கில் சுருங்கும். உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் பொருந்தாமல் போகும், தோல் புண்ணாகும். பிள்ளைகள் வளர வளரக் கால் மாற்ற வேண்டும். வெட்டிய எலும்பு நுனி வளர்ந்து தோலைக் குத்தினால் மறுபடி அறுவை சிகிச்சை.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தில் கிடப்பதையெல்லாம் எடுத்து முடித்தாலும், பதினாறு வயதில் காலிழந்தவருக்கு எழுபது வயதிலும் கால் வேண்டுமே. முதல் கால் கொடுக்கப் படக்காரரோடு ஆள் வரும். நான்காவது காலுக்கு யாரும் வருவதில்லை. உதவுவதாக இருந்தால் அந்த நான்காவது காலுக்கு உதவுங்கள். அளவெடுக்கப் போய்வரும் பஸ் காசு, அன்றைக்குப் போகும் கூலி, மீதிக் காலுக்கு மாட்டும் உறை, இப்படிச் சில்லறைச் செலவில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1980களிலிருந்தே ஜெய்ப்பூர்க் கால் செய்து கொடுக்கிறார்கள். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் உருவான அந்த ரப்பர்ப் பாதத்தோடு குந்தலாம், சம்மணம் போடலாம், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். அப்பாவின் விலை உயர்ந்த கால் சப்பாத்து இல்லாமல் சரியாக நிற்காது. கோயிலுக்குள் போக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்புறம், இங்கேயே பாருங்கள். 2023இல் கண்ணிவெடியால் உலகிலேயே அதிகம் பேர் பாதிக்கப்பட்ட நாடு மியன்மார். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் இந்த ஊரில் நிறைய. மலேசியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அப்பாவின் கையில் ஓ.கே.யு. அட்டை (மலேசிய அரசின் மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தது, அந்த முல்லைத்தீவுத் தம்பிக்கு அது கிடையாது. ஐ.நா. அட்டையைக் காட்டினால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியே பெரிய தொகை. சிகிச்சைக்கு ஒருவரைக் கூட்டிப் போய்க் காத்திருந்து அழைத்து வருவதும் உதவிதான்.

சரி, தாத்தாவின் கால். பாதம், நடுக்குழாய், இணைப்புகள் கழற்றி வேறொருவருக்குப் பொருத்தக்கூடியவை. ஆனால் செயற்கைக் கால் செய்யும் எல்லா நிலையங்களும் ஒரே வகைப் பாகங்களைப் பயன்படுத்துவதில்லை. படம் எடுத்து அனுப்பி, வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். சாக்கெட்டை யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.