எபிரேயப் புள்ளிகள் எழுத்தை விட்டு விலகி நிற்பதற்கு

ஸைஃபோஸ் என்ற வேதாகம மென்பொருளில் எபிரேய உயிர்க்குறிப் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டாமல் விலகித் தெரிந்தால், எபிரேயத்துக்கு மட்டும் எழுத்துருவை எஸ்ரா எஸ்.ஐ.எல். (Ezra SIL) அல்லது எஸ்.பி.எல். ஹீப்ரூ (SBL Hebrew) என்று மாற்றுங்கள். இரண்டும் இலவசம். ஸைஃபோஸில் அந்த வேதப்பகுதியின் மேல் வலது சொடுக்கு செய்தால் அதற்கென்று தனி எழுத்துரு வைக்கலாம். பொது எழுத்துருவைத் தொட வேண்டாம், தமிழ் கெட்டுவிடும்.

புள்ளிகள் எழுத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்றால், இப்போதுள்ள எழுத்துருவுக்கு அவற்றை இடம்பார்த்து வைக்கத் தெரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். கிரேக்கத்தில் அழுத்தக்குறி உள்ள எழுத்து மட்டும் கட்டமாகத் தெரிவதும் எழுத்துருக் குறைதான்.

ஆதியாகமம் 1:1-ஐ நகலெடுத்து ஏதாவது ஒரு சொற்செயலியில் ஒட்டி, அதே புது எழுத்துருவைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் மென்பொருள் அமைப்பில்தான் கோளாறு. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பழைய கோப்பு. புதிதாக இறக்குவதே மேல்.

கண்ணுக்கு நெரிசலாக இருந்தால் ஓதல் குறிகளை (ராகத்தோடு ஓதுவதற்கான குறிகளை) மட்டும் மறையுங்கள். உயிர்க்குறிகளையும் மறைத்தால் கற்பவருக்குத் திண்டாட்டம்தான்.

அப்புறம் ஒன்று: சில பதிப்புகளில் எழுதியிருப்பது ஒரு சொல், வாசிக்க வேண்டியது வேறு சொல். அங்கே வாசிக்க வேண்டிய சொல்லின் உயிர்க்குறியை எழுதிய சொல்லின்மேல் வைத்திருப்பதால், அது பொருந்தாமல்தான் இருக்கும். அதற்கு எந்த எழுத்துருவும் மருந்தில்லை.