பழைய ஃபெண்டர் கிட்டாரின் நிறம் ஒரிஜினல்தானா?

கேள்வி: கோவையில் ஒருவர் 1960களின் தொடக்கத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஃபெண்டரின் எலெக்ட்ரிக் கிட்டார் மாடல்) விற்கிறார். நிறம் 'லேக் பிளாசிட் ப்ளூ' என்ற நீலம் என்கிறார், பார்த்தால் பச்சையடிக்கிறது. நம்பலாமா?

பச்சையடிப்பது நல்ல அறிகுறிதாங்க. மேல்பூச்சு லாக்கர் வயதாக ஆக மஞ்சளாகும்; நீலத்தின் மேல் மஞ்சள் சேர்ந்தால் பச்சைதானே. பிக்கார்டை, அதாவது கிட்டாரின் முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை, கழற்றச் சொல்லுங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில் நீலம் தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கேயே சிறு ஆணித்துளைகளையும் தேடுங்கள். அப்போதெல்லாம் ஆணி அடித்து நிறுத்தித்தான் பெயிண்ட் அடித்தார்கள், காய்ந்தபின் பிடுங்கினார்கள். துளைக்குள் வெறும் மரம் தெரிந்தால் சரி, பெயிண்ட் இறங்கியிருந்தால் பின்னாளில் அடித்தது.

அன்று சன்பர்ஸ்ட்தான் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் கருக்கும் பூச்சு) வழக்கம். தனி நிறத்துக்கு 5 சதவீதம் கூடுதல், அதனால்தான் இன்று அரிது. பெரும்பாலும் டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்ட். இந்த நீலம் 1958 காடிலாக் காரில் வந்தது. மறுபூச்சு என்றால் விலை ஏறக்குறைய பாதிதான், எத்தனை அழகாக அடித்திருந்தாலும்.

திருப்பூரில் ஏற்றுமதித் துணியின் ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸ் தெரிந்தவர்களிடம் இருந்தால் கேளுங்கள். அதிலுள்ள யூவி விளக்கில் பழைய லாக்கர் மஞ்சள்பச்சையாக ஒளிரும். பின்னாளில் பெயிண்ட் தொட்டு ஒட்டுவேலை செய்த இடம் கருப்பாகத் தனித்துத் தெரியும்.