பதில்: ஏடிஹெச்டி பையன், இப்போ கிரிக்கெட்டுக்கும் போக மாட்டேங்கிறான்

சிஸ்டர், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற பிரச்சனை) உள்ள உங்க பத்து வயசுப் பையன் மூணு வாரமா பேட்டைத் தொடல, சும்மா சும்மா எரிஞ்சு விழறான், "நான் வேஸ்ட்டு"ங்கிறான், அவங்கப்பா திமிருன்னு சொல்லி "அக்காவப் பாருடா"ன்னு அடிக்கிறார்னு எழுதியிருக்கீங்க. திமிரு இல்லீங்க. சின்னப் பசங்களுக்கு டிப்ரஷன் பல நேரம் கோவமாத்தான் வெளிய வரும், ரெண்டு வாரம் தாண்டினாலே டாக்டர்கிட்ட சொல்லிடணும். ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை குடுக்கறீங்கன்னா அதையும் சொல்லுங்க, சில பசங்களுக்கு அந்த மாத்திரைலயே மூட் டல்லாகும், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க.

எங்க வீட்லயும் இதே கூத்துதான், காலைல ஷூ மாட்றதுக்குள்ள எட்டு திட்டு வாங்கிட்டுதான் என் பொண்ணு வேன் ஏறுவா, ஒருநாள் எண்ணிப் பாத்து எனக்கே அசிங்கமாயிடுச்சு. அப்புறம் தினம் நைட்டு பத்து நிமிஷம், போன் இல்லாம, அவ சொல்ற விளையாட்டு, நடுவுல ஒரு அட்வைஸும் கிடையாது, மெதுவாதான் மாறுச்சு.

அக்காவோட கம்பேர் பண்றதையும் அடிக்கறதையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவரையும் இழுத்துட்டுப் போங்க, நாம சொன்னா ஏறாது, டாக்டர் சொன்னா கேப்பாங்க (எங்க வீட்ல அப்டித்தான்). "செத்துடலாம்"ங்கிற மாதிரி ஏதாவது சொன்னான்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ராத்திரின்னா 14416 அடிங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீதான், தமிழ்லயே பேசுவாங்க.