கடற்கரையில் தொலைத்தவர்களுக்கும் கண்டெடுத்தவர்களுக்கும்: வாசகர் கேள்விகள்

கடற்கரைக்குப் போன இடத்தில் பொருளைத் தொலைத்தவர்களும், அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்தவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். தொலைத்தவருக்கு இடம் முக்கியம், எடுத்தவருக்கு அடையாளம் முக்கியம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

கேள்வி: இடுப்பளவு தண்ணீரில் விளையாடும்போது கல்யாண மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. இரண்டு மணி நேரம் எல்லோரும் காலால் துழாவிப் பார்த்தோம். இனி கிடைக்குமா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது, மனதை விட்டுவிடாதீர்கள். ஆனால் துழாவுவதை உடனே நிறுத்துங்கள். சுத்தத் தங்கம் தண்ணீரைப் போல 19 மடங்கு எடை. நகைத் தங்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல். அதனால் செருப்பு, தொப்பி போல மோதிரம் அலையோடு தொலைதூரம் போய்விடாது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கீழ்நோக்கி இறங்கும். ஒவ்வொரு அலையும் மணலைக் கலக்கக் கலக்க, சிப்பியோ கூழாங்கல்லோ களியோ உள்ள கெட்டியான அடுக்கு தட்டுப்படும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். பத்துப் பேர் காலால் கிளறினால் அலை செய்யும் அதே வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்கிறீர்கள்.

விழுந்தது தெரிந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்ற இடத்திலேயே நின்று கரையைப் பார்ப்பது. ஒரு விளக்குக் கம்பமும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மூலையும் ஒரே நேர்கோட்டில் தெரிகிறதா? அது ஒரு கோடு. வேறொரு பக்கம் திரும்பி, அதேபோல முன்னும் பின்னுமாக இரண்டு பொருள்களைப் பிடித்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் நீங்கள் நிற்கும் இடம். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். மோதிரம் தேடுகிறவருக்கு அந்தச் சில மீட்டரே அரை நாள் வேலை.

உங்கள் விஷயத்தில் அந்த நேரம் கடந்துவிட்டது, சரி. அன்று எடுத்த படங்களைப் பாருங்கள். நீங்கள் தண்ணீரில் நிற்கும் படம் ஒன்று இருந்தாலும் போதும். பின்னணி இடத்தைச் சொல்லும், படத்தோடு பதிவான நேரம் அப்போது தண்ணீர் எவ்வளவு ஏறியிருந்தது என்று கணக்கிட உதவும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் வற்றும், இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் இன்னும் தூரம் உள்வாங்கும். மோதிரம் விழுந்த இடம் முழங்கால் அளவு தண்ணீருக்கு வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுவதானால் ஈரமான உப்பு மணலில் வேலை செய்யும் கருவியா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரணக் கருவி ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தும். ‘பல்ஸ் இண்டக்‌ஷன்’ வகை இதற்கு ஏற்றது. மோதிரம் அளவுப் பொருளை நல்ல கருவியும் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரைதான் நம்பிக்கையாகக் காட்டும். அதனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சில கடற்கரைகளில் இந்தக் கருவிக்குத் தடை உண்டு, முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கூலியையும் தேடத் தொடங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், சன்ஸ்கிரீன் பூசிய விரல் வழுக்கும். மோதிரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதுதான் என் கட்சி.

கேள்வி: காய்ந்த மணலில் தோடு விழுந்தால்?

பதில்: யாரையும் நடக்க விடாதீர்கள். உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி, மேல் மணலை மட்டும் கை நிறைய அள்ளிச் சல்லடையில் சலியுங்கள். விரித்த துண்டை உதறிவிடாமல் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்குங்கள். தோடு பல நேரம் துண்டின் மடிப்பிலேயே மாட்டியிருக்கும்.

கேள்வி: கைபேசியைக் காணோம். அழைத்தால் மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. முதலில் சிம்மை முடக்கவா?

பதில்: மணி போகிறது என்றால் இன்னும் தேட முடியும். கூட வந்தவரின் போனிலிருந்து, ஐபோன் என்றால் ‘ஃபைண்ட் மை’, ஆண்ட்ராய்டு என்றால் தொலைந்த போனைத் தேடக் கூகுள் தரும் வசதிக்குள் போய்த் தொலைந்ததாகக் குறித்துப் பூட்டுங்கள். திரையில் இன்னொரு தொடர்பு எண்ணையும் தெரிய வையுங்கள். சைலன்ட்டில் இருந்தாலும் அதை ஒலிக்கச் செய்ய முடியும். மணலுக்கடியிலோ பைக்குள்ளோ கிடந்தால் அந்தச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சிம்மை முடக்கினால் போனுக்கு மொபைல் இணையம் போய்விடும், இருக்குமிடம் தெரிவதும் கடினமாகும். அதனால் முதலில் பூட்டு, அடுத்து வங்கிக்குத் தகவல், அதன்பின் சிம். ஆனால் திரைப்பூட்டே போடாத போன் என்றாலோ, வரைபடத்தில் புள்ளி கடற்கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தாலோ இந்த வரிசையைப் பார்க்காதீர்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும். உடனே முடக்கிவிடுங்கள்.

இன்னொரு சங்கடம்: வேறொரு போனிலிருந்து கணக்கில் நுழையப் போனால், சரிபார்ப்பு எண் தொலைந்த போனுக்கே போய் நிற்கும். கூகுள் கணக்கில் முன்கூட்டியே எடுத்து வைக்கக்கூடிய மாற்றுக் குறியீடுகள் உண்டு. அவற்றைத் தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். ‘*#06#’ அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) அதே தாளில் இருக்கட்டும், போலீஸ் புகாருக்குத் தேவைப்படும்.

சில நாள் கழித்து ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் உள்நுழையவும்’ என்று குறுஞ்செய்தி வரலாம். அப்படியே போன் நிறுவனத்திடமிருந்து வந்தது போலவே இருக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். உங்கள் கடவுச்சொல் இல்லாமல் அந்தப் போனை விற்க முடியவில்லை என்பதால்தான் உங்களையே கேட்கிறார்கள். ‘கணக்கிலிருந்து போனை நீக்குங்கள்’ என்று யார் சொன்னாலும் நீக்கவும் வேண்டாம். நீக்கிவிட்டால் பூட்டும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: போன் கடலில் விழுந்து எடுத்துவிட்டோம். ஐபி68 என்று போட்டிருக்கிறது, பயமில்லைதானே?

பதில்: ஐபி68 என்பது தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் தாங்கும் என்பதற்கான தரக்குறியீடு. அதற்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் நீருக்கு அது உத்தரவாதம் இல்லை. நல்ல தண்ணீரில் லேசாக அலசி, துடைத்து, காற்றாட வையுங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள். ஈரத்தோடு உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் சார்ஜ் துளை அரித்துவிடும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், தூசும் துணுக்கும் உள்ளே போகும்.

கேள்வி: பிள்ளையின் காற்றடைத்த மிதவை கடலுக்குள் போய்விட்டது. நீந்திப் பிடிக்கும் தூரம்தான் என்று தோன்றியது.

பதில்: அந்தத் தோற்றம்தான் ஆபத்து. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது, நன்றாக நீந்துகிறவரையும் மிதவை முந்திக்கொண்டு போகும். திரும்பிப் பார்க்கும்போது கரை எட்டாத தூரத்தில் இருக்கும். போகட்டும், விடுங்கள். ஆனால் உயிர்காப்பாளரிடம் அவசியம் சொல்லிவிடுங்கள். ஆளில்லாத மிதவை ஒன்று கடலில் மிதப்பதைப் பார்த்து, யாரோ மூழ்கிவிட்டார் என்று தேடல் தொடங்கிவிட வாய்ப்புண்டு.

கேள்வி: பணத்தோடு ஒரு பர்ஸ் கிடைத்தது. படம் எடுத்து எல்லோருக்கும் பகிரலாமா?

பதில்: நல்ல மனதோடு செய்யும் இந்தக் காரியத்தால்தான் பொருள் பல நேரம் தவறான கைக்குப் போகிறது. பர்ஸின் நிறம், உள்ளே இருக்கும் தொகை, அட்டையில் உள்ள பெயர் எல்லாம் படத்தில் தெரிந்தால், ‘அது என்னுடையது’ என்று வருகிறவரிடம் கேட்க உங்களிடம் ஒரு கேள்வியும் மிச்சமிருக்காது. ‘இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் ஒரு பர்ஸ் கிடைத்தது’ என்று மட்டும் சொல்லுங்கள். நிறம், ஜிப் எங்கே கிழிந்திருக்கிறது, உள்ளறையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் வருகிறவர் வாயிலிருந்து வரட்டும். அட்டைகளைப் படம் எடுக்கவே வேண்டாம்.

முடிந்தால் உங்களிடம் வைத்துக்கொள்ளாமல் உயிர்காப்பாளர் நிலையத்திலோ காவல் நிலையத்திலோ கொடுங்கள். கொடுக்கும்போது அங்கே இருப்பவர் முன்னால் பணத்தை எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்களுக்கும் பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு. உரியவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் என்று நமக்குத் தெரியாது. சுற்றுலா வந்தவர் நாளைக்கே கிளம்பிவிடலாம். அதனால் ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எடுத்துப் போகாமல் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பூட்டிய போன் ஒன்று மணலில் கிடைத்தது. என்ன செய்வது?

பதில்: அணைக்காதீர்கள். வெயில் படாமல் வைத்து, துளை உலர்ந்திருந்தால் சார்ஜ் ஏற்றி, அழைப்பு வரும் வரை காத்திருங்கள். பல போன்களில் பூட்டுத் திரையிலேயே அவசரத் தகவல் பகுதி இருக்கும். உரிமையாளர் நிரப்பியிருந்தால் அங்கே ஒரு உறவினர் எண் கிடைக்கும்.

கேள்வி: வெளிநாட்டுக் கடற்கரையில் பாஸ்போர்ட் தொலைந்தது. புகார் கொடுத்த மறுநாள் அறையிலேயே கிடைத்தது. அதிலேயே பயணம் செய்யலாமா?

பதில்: கூடாது. தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். அந்த எண் இண்டர்போலின் தரவுத்தளத்துக்கும் போகலாம். 2002 முதல் இருக்கும் அந்தப் பதிவேட்டை எல்லை அதிகாரிகள் பார்க்கிறார்கள். தூதரகத்தில் விஷயத்தைச் சொல்லித் தற்காலிகப் பயண ஆவணம் வாங்குங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: புகாருக்குக் கிளம்பும் முன் அறையின் லாக்கர், பெட்டியின் உள்ளறை, வரவேற்பு மேசை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே இல்லையென்றால் தாமதம் வேண்டாம்.

கேள்வி: அலை முகத்தில் அடித்து அப்பாவின் பல்செட் போய்விட்டது. இதையெல்லாம் யாராவது எடுத்துக் கொடுப்பார்களா?

பதில்: கொடுப்பார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் பதிவே செய்வதில்லை. பல்செட் தங்கம் போலப் புதையாது. எடை குறைவு என்பதால் அலை அதை உருட்டிக் கரையோரம் ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. நீர் வற்றும்போது பாசியும் சிப்பியும் ஒதுங்கியிருக்கும் வரிசையைப் பார்த்தபடி, நீரோட்டம் போகும் திசையில் நடந்து பாருங்கள். மேல் செட்டா, கீழ் செட்டா, கம்பி உண்டா என்பதை உயிர்காப்பாளர் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கிடைத்தால் பல் மருத்துவரிடம் காட்டாமல் திரும்ப மாட்ட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.