அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு: தோப்பு வாங்கலாமா?

கேள்வி: வயது 66. முப்பது வருஷமாக நியூ ஜெர்சி. அமெரிக்கக் குடியுரிமை, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது. பிள்ளைகள் அங்கேயே இருக்க, நானும் மனைவியும் மதுரைக்கே வந்துவிட நினைக்கிறோம். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்போடு ஒரு வீடு விலைக்கு வருகிறது. முடித்துவிடலாமா?

பதில்: தோப்பை விட்டுவிடுங்கள் சார். ஓசிஐ அட்டைக்காரர் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அது வேறு. “தம்பி பேர்ல போட்ருவோம்ணே” என்பார் புரோக்கர். உங்கள் பணம், தம்பி பெயரில் பத்திரம் என்றால் பினாமிச் சட்டத்தில் மாட்டலாம். தம்பி தங்கமானவராகவே இருக்கட்டும், நாளைக்கு அவர் பிள்ளைகள்?

வீடும் உடனே வேண்டாம். ஒரு வருஷம் கே.கே.நகர், அண்ணா நகர் பக்கம் வாடகைக்கு இருங்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கம். லீவுக்கு வந்துபோனவருக்கு அக்னி நட்சத்திரத்து மொட்டைமாடி வீடு எப்படி என்று தெரியாது. வீடு பார்க்கும்போது ஹாலைப் பார்க்காதீர்கள், பாத்ரூம் குழாயைப் பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் போர்த் தண்ணீர் அந்த லட்சணம்தான்; கீசர், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் அதே கதி. லிஃப்ட் இல்லாத மாடி வீடு, எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

மருத்துவச் செலவுக்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் இங்கே செல்லாது. அதற்காக அதில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யை நிறுத்தினால், திரும்பிப் போய்ச் சேரும்போது விட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக, ஆயுசுக்கும் கட்ட வேண்டும். பிள்ளைகளிடம் திரும்பும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் முதல் இரண்டு வருஷம் நிறுத்தாதீர்கள். இங்கே 65 வயதைத் தாண்டினால் பாலிசி இல்லை என்ற வரம்பு 2024-இல் போய்விட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் வந்து இறங்கியதும் பாலிசி போடுங்கள். சர்க்கரையை மறைத்து மட்டும் போடாதீர்கள். கண்ணைப் பற்றிக் கவலையில்லை, 1976-லிருந்து அரவிந்த் இருக்கிறது.

வரியில் லாபம், வரும் தேதியில் இருக்கிறது. அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு வந்தால் அந்த நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் இருந்தது 182 நாள் ஆகாது. அதற்குமுன் அதே ஆண்டில் வந்துபோன நாட்களும் சேரும் என்பதைக் கவனியுங்கள். இந்திய வருமானம் 15 லட்சத்துக்குள் என்றால் அந்த ஆண்டு வரிக்கு நீங்கள் பெரும்பாலும் என்ஆர்ஐதான். பிறகு சுமார் இரண்டு ஆண்டு ‘ஆர்என்ஓஆர்’, அதாவது இங்கே வசித்தாலும் முழு வரிக்கு உட்படாத இடைநிலை. அதுவரை வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரியில்லை. அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே பணத்தைப் பெரிய தொகையாக எடுப்பதானால் அந்த இடைவெளியில் எடுங்கள், அமெரிக்க வரி எப்படியும் உண்டு. சோஷியல் செக்யூரிட்டிக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி, அமெரிக்கா மட்டுமே வரி போடும்.

பேங்க் மேனேஜர் காபி கொடுத்து மியூச்சுவல் ஃபண்ட் பேசுவார். அமெரிக்கக் குடிமகனுக்கு இந்திய ஃபண்ட் தலைவலி; அங்கத்து வரிக் கணக்கில் தனிப் படிவம், கடுமையான விகிதம். ஃபிக்சட் டெபாசிட்டோடு நிறுத்துங்கள். இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும்.