மாரெக்கா, மார்க்காவா, மார்க்குவா?

தம்பி, போலந்தின் க்ராகூவில் வேலைக்குச் சேர்ந்திருக்கீங்க. மேலாளர் பெயர் பட்டியலில் மாரெக், மின்னஞ்சலில் மார்க்கா, கூப்பிடும்போது மார்க்கு, எது சரின்னு கேட்டிருக்கீங்க. மூணும் சரி. போலிஷில் ஏழு வேற்றுமை, ஆள் பெயரும் உருபு ஏற்கும்.

எழுவாய் மாரெக். மார்க்கா என்றால் மாரெக்கை, மாரெக்குடைய. மார்க்கோவி, மாரெக்குக்கு. ஸ் மார்க்யெம், மாரெக்கோடு. உருபு ஏறியதும் நடுவில் இருக்கும் 'எ' விழுந்துவிடும். அதனால் மார்க்கா என்று பெயர்ப் பட்டியலில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். மொழிபெயர்ப்புச் செயலியும் 'பிராண்ட்' என்று காட்டலாம், போலிஷில் அந்தப் பொருளிலும் மார்க்கா உண்டு.

நம்ம ஆட்கள் சறுக்குவது விளியில்தான். ராமா, குமாரா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு 'மார்க்கா' விளி மாதிரியே தோணும். அப்படிக் கூப்பிடாதீங்க. 'பான்யெ மார்க்கு' என்பதுதான் முறை. பான் என்றால் ஐயா, அதன் விளி பான்யெ. 'பான்யெ மாரெக்' பேச்சில் காதில் விழும், கடிதத்தில் எழுத வேண்டாம். பான்யெவோடு குடும்பப் பெயரைச் சேர்த்தால் அதட்டுவது போல இருக்கும். மார்க்கு என்பது மறக்காது: தமிழ் விவிலியத்தின் மாற்குவை அப்படியே சொல்லுங்க, போதும்.

மாரெக், மாற்கு இரண்டுக்கும் மூலம் லத்தீன் மார்க்குஸ். போர்த் தெய்வம் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. ரோமானியரிடம் புழங்கிய முதற்பெயர்கள் மிகக் குறைவு, அதனால் 'எம்' என்ற ஓரெழுத்தே மார்க்குஸுக்குப் போதும். ரோமின் பழங்கோயிலான பாந்தியன் முகப்பில் 'எம் அக்ரிப்பா எல் எஃப்' என்றிருக்கும்: லூசியஸின் மகன் மார்க்குஸ் அக்ரிப்பா. கடைசி 'உஸ்' வெறும் எழுவாய் விகுதி. மார்க்குஸை என்பதற்கு மார்க்கும், மார்க்குஸின் என்பதற்கு மார்க்கீ, கூப்பிட மார்க்கே. போலிஷ் 'உஸ்'ஸைக் கழற்றிவிட்டுத் தன் உருபுகளை மாட்டிக்கொண்டது.

எல்லாப் பெயருக்கும் 'உ' போடாதீங்க, அது 'க்' போன்ற முடிவுக்கு. அதே மார்ஸின் வழியில் வந்த மார்ச்சினுக்கு விளி மார்ச்சினியெ. மாரெக்கும் மார்ச்சினும் வேறு வேறு பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் 25 புனித மாற்கு நாள். உங்க மேலாளர் அன்று பெயர்நாள் (தன் பெயர் கொண்ட புனிதரின் நாள்) கொண்டாடினால் வாழ்த்துங்க, இங்கே அதற்கு மதிப்பு உண்டு.

உங்க பெயர் குமார் என்றால் 'ஸ் குமாரெம்' என்று எழுதுவாங்க. பிழையில்லை, திருத்த வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்க.