லீவு போட்டால் ஆறும் கை

கேள்வி: எனக்கு வயது 41. இருபது வருடமாகக் கொத்தனார் வேலை. இரண்டு வருடமாக உள்ளங்கையும் விரல் இடுக்கும் தடித்து, வெடித்து, ரத்தம் கசிகிறது. ராத்திரியில் அரிப்பு. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் சுள்ளென்று எரிகிறது. பொங்கலுக்கு ஊரில் பத்து நாள் இருந்தபோது பாதி ஆறியது. மெடிக்கலில் கொடுத்த களிம்பிலும், மேஸ்திரி வாங்கித் தந்த தோல் கையுறையிலும் பலனில்லை. வேலையை விட வேண்டியதுதானா?

பதில்: பொங்கலுக்குப் பாதி ஆறியது என்கிறீர்களே, அதுதான் துப்பு. லீவில் ஆறி, வேலைக்குப் போனதும் திரும்பினால் முதல் சந்தேகம் சிமென்ட் மேல்தான்.

ஈரக் கலவை கடும் காரத்தன்மை கொண்டது. தோலின் எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடும். மிச்சத்தை மணல் உரசிவிடும். இது யாருக்கும் வரலாம். இன்னொன்று ஒவ்வாமை. சிமென்ட்டில் குரோமியம் துளியளவு இருக்கிறது. உடம்பு ஒருமுறை அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் லேசில் மறக்காது. இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் சிமென்ட்டில் நீரில் கரையும் குரோமியம்-6 வகையின் அளவுக்கு, பத்து லட்சத்தில் 2 பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தோல் கையுறைதான் எனக்கு இடிக்கிறது. தோல் பதனிடுவதும் பெரும்பாலும் குரோமிய உப்பில்தான்! அதை மாட்டாதீர்கள். முழங்கை வரை வரும் நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போதும். உள்ளே கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள். அப்படியே வேலை பார்ப்பது வெறுங்கையைவிட மோசம். மண்ணெண்ணெய், சலவைத்தூள் வேண்டாம். சாதாரண சோப்பும் தண்ணீரும், படுக்கும்போது கை நிறைய வாசலினும் போதும்.

மெடிக்கல் களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். அதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். படர்தாமரையா, சொரியாசிஸா என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வாமையை அறிய, சந்தேகப் பொருள்களை வைத்த பட்டையை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுப்பார்கள். அப்புறம் இன்னொரு நாளும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது.

சரி, வேலை? சோதனை முடிவு வரும் முன் விடாதீர்கள். குரோமிய ஒவ்வாமை உறுதியானால் பூச்சு வேலையிலிருந்து கம்பி கட்டும் வேலைக்கோ மேற்பார்வைக்கோ மாறுவது நல்லது. மறைக்காமல் சொல்கிறேன், மாறிய பிறகும் சிலருக்கு முழுக்க ஆறுவதில்லை. மருத்துவச் சீட்டில் உங்கள் தொழிலையும் எழுதச் சொல்லுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தில் (முன்பு 1923-ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) உள்ள தொழில்நோய்ப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்களும் உண்டு.

சோதனைக்கு அந்தத் தோல் கையுறையையும் எடுத்துப் போங்கள். அதில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிப் பார்ப்பதும் உண்டு.